அலமேலுவிடம் சொல்லாதது

ஜனவரி 18, செவ்வாய்

கடும் பனி. ஏழரை வரை ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிற்கிற இடம்கூடத் தெரியவில்லை. ஊசிகள் கொதிக்கவைத்தாயிற்று. பெண்கள் வார்டில் பதினான்கு கட்டில், பதினாறு பேர்.

ஏழாம் கட்டில் அலமேலு. வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு. ஊர் கல்வராயன் மலையில். பொங்கல் லீவுக்கு அப்பாவோடு கரும்பு வெட்ட இறங்கி வந்தவள். சனிக்கிழமை மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் கரும்பு டிராக்டரிலிருந்து விழுந்து, டிரெய்லர் சக்கரம் இடது பாதத்தில் ஏறிவிட்டது. இன்று பாதம் கறுப்பு. வாடை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். நாளை காலை.

அம்மாவுக்குப் பிரசவமாகிப் பத்து நாள், மலையிலிருந்து இறங்க முடியாது. அப்பா மட்டும். பெண்கள் வார்டு என்பதால் அவருக்குப் படுக்கை வராந்தாவில்.

"அதுகிட்ட சொல்லாதீங்கம்மா. தெரிஞ்சா செத்துப்பூடும்." கும்பிட்டுக்கொண்டே சொன்னார். டாக்டரும் அதையேதான். "சின்னப் பொண்ணு. எதுக்குப் பயமுறுத்தணும்?"

மத்தியானம் ஜுரம் பார்க்கும்போது அலமேலுவே கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு இன்னா பண்ணப் போறாங்க? காலை எடுத்துடுவாங்களா?"

"சேச்சே. சுத்தம் பண்ணப் போறாங்க. அவ்ளோதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

எழுதவே கை கூசுகிறது.

ஜனவரி 19, புதன்

ஒன்பதரைக்கு உள்ளே. பதினொன்றுக்கு வெளியே. எடுத்ததைத் துணியில் சுற்றி அப்பாவிடம் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். வேட்டியெல்லாம் மண்.

மயக்கம் தெளியும்போது நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். பிரசவ அறையில் அவசரம், போய்விட்டேன். திரும்புவதற்குள் அவளே போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. அழவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜனவரி 20, வியாழன்

சாப்பிடவில்லை. கஞ்சி வந்தபடியே திரும்பிப் போனது. என்னோடு பேச்சு இல்லை.

ரவுண்டில் டாக்டர் போர்வையை விலக்கிக் கட்டைப் பார்த்தார். எட்டாம் கட்டிலைப் பார்க்க வந்த ஆண்கள் மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். ஒருவர் சத்தமாக, "பொட்டப்புள்ள, பாவம். இத்த யாரு கட்டிக்குவாங்க?" அலமேலு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பாவாடையை இழுத்துவிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து என் அண்ணன் கடிதம். குழந்தைக்கு ஞானஸ்நானம், வரச் சொல்லி. லீவு கேட்க வேண்டும். கேட்கவில்லை.

ஜனவரி 22, சனி

விரிப்பில் ரத்தம். புண்ணோ என்று பதறினேன். இல்லை, மாதவிலக்கு. நேற்றிலிருந்தே. யாரிடமும் சொல்லவில்லை. துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்திருக்கிறாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வாள்? என்னிடம்தான் எப்படி?

செய்ய வேண்டியவை:
- கட்டிலைச் சுற்றி மறைக்கத் தடுப்பு. மேட்ரனிடம் கேட்டேன். இருக்கிற ஒன்று பிரசவத்துக்காம். என் பழைய புடவை இரண்டைக் கயிற்றில் கட்டியாயிற்று.
- துணி, உள்பாவாடை. வீட்டிலிருந்து.
- ரவுண்டு நேரத்தில் பார்க்க வந்தவர்கள் வெளியே. (வாட்ச்மேனோடு சண்டை. சரி என்றிருக்கிறார்.)
- பத்தாம் வகுப்புப் புத்தகம். பக்கத்து வீட்டு டீச்சர்.
- மன்னிப்பு. எப்படி?

ஜனவரி 24, திங்கள்

பேசிவிட்டாள். புடவைத் தடுப்புக்குள் உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"சொல்லக் கூடாதுன்னாங்க. எனக்கும் பயம். தப்பு என் மேலதான், அலமேலு."

"சொல்லியிருந்தா ஒருவாட்டி நல்லா பாத்துக்கினு இருந்திருப்பேன். பொங்கலுக்கு ரெண்டு கால்லயும் மருதாணி வச்சேன்." வலது பாதத்தைப் பார்த்தபடியே, "இப்ப எங்க கீது அது?"

அப்பாவைக் கூப்பிட்டேன். புடவைக்கு வெளியே நின்றார். "ஆத்தோரம், கண்ணு. ஆழமாத்தான் தோண்டினேன்."

"நாயி தோண்டிடாதா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். எங்கேயோ போனார். சாயங்காலம் வந்து, மேலே கல் அடுக்கிவிட்டேன் என்றார். அலமேலு தலையாட்டினாள். அரை டம்ளர் கஞ்சி உள்ளே போனது.

ஜனவரி 27, வியாழன்

நேற்று கொடியேற்றம், மிட்டாய். இன்று அலமேலுவுக்கு ஜுரம் நூற்று மூன்று. காலின் கட்டுக்குள்ளிருந்து மறுபடியும் அந்த வாடை. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், நாளை காலையே. கடலூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் வழியிலேயே போய்விடுவாள் என்கிறார் டாக்டர்.

"இந்தத் தடவை அவகிட்ட சொல்லிடலாம், டாக்டர்."

"எஸ்தர், நீங்க கட்டு போடுறதப் பாருங்க."

மேட்ரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேலைக்கு உலை வச்சுக்காதே."

மூன்று மணிக்குப் போய்ச் சொன்னேன்.

"முட்டியும் போயிடுமா?"

"போயிடும்."

"உயிரு?"

"எடுக்கலன்னா போயிடும். எடுத்தா பொழைக்க வழி இருக்குது. நிச்சயமாச் சொல்ல எனக்குத் தெரியல."

போர்வையை விலக்கி முழங்காலைப் பார்த்தாள். பிறகு சோப்பும் தண்ணீரும் கேட்டாள். அவளே முழங்காலைக் கழுவினாள். ஒரு தழும்பைக் காட்டினாள். "ஏழாவது படிக்கசொல்ல பலா மரத்துலேர்ந்து வுழுந்தது."

அப்பாவைக் கூப்பிடச் சொன்னாள். "இத்த ஆத்தோரம் வைக்காதப்பா. நம்ம கொல்லையில வை." அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 28, வெள்ளி

சம்மதத் தாளில் அப்பாவின் கைநாட்டு. "பேனா குடுங்க, நானும் போடுறேன்" என்றாள். "தேவையில்லம்மா" என்றார் டாக்டர். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. கொடுத்தார். கைநாட்டுக்குக் கீழே இனிஷியலோடு முழுப்பெயர், நிதானமாக.

எடுத்தாயிற்று. உயிர் இருக்கிறது. மத்தியானம் எனக்கு மெமோ. அனுமதியின்றி நோயாளியிடம் பேசியதற்கு விளக்கம் தர வேண்டுமாம்.

ஜனவரி 29, சனி

அப்பா காலை பஸ்ஸில் வெள்ளிமலைக்கு, அவர்கள் ஊர்ப்பக்கம். மடியில் மஞ்சள் பை, அதற்குள் துணிச் சுற்று. "இன்னா அது?" என்று கண்டக்டர் கேட்டால் என்ன சொல்வார்?

பதினொன்றரைக்கு அலமேலுவுக்கு மயக்கம் நன்றாகத் தெளிந்தது. நான் பக்கத்திலேயே. போர்வைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். அப்புறம் அழுதாள். முதல் தடவை. வார்டே திரும்பிப் பார்த்தது. "தூக்க ஊசி போட்டுடு" என்றார் மேட்ரன். வேண்டாம், அழட்டும் என்றேன். ஒரு மணி வரை.

பிப்ரவரி 4, வெள்ளி

மூன்று நாளாக ஜுரம் இல்லை. பிழைத்துவிட்டாள். என்னை வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அவளைப் போய்ப் பார்க்கிறேன். இன்று ரவுண்டில் டாக்டர், "கட்டு பிரிக்கலாமா?" என்று அவளையே கேட்டாராம்.

அவள் தங்கிப் படிக்கிற ஹாஸ்டலிலிருந்து கடிதம். மலையிலிருந்து திரும்பிய அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, என்னிடம் நீட்டினார். காலில்லாத பெண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ள அங்கே வசதி இல்லை, பெட்டியை வந்து எடுத்துப் போகவும்.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதயும் நீங்களே சொல்லிடுங்கம்மா அதுகிட்ட."

கடிதத்தையே அவள் கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"அக்கா, பேப்பர் கீதா? கோடு போட்டது. அவங்களுக்கு எழுதணும்."