பகலில் எழுப்ப ஓர் ஆள்

மார்ச் 4

என் அருமை அலாரத்துக்கு,

மகாராணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்க மாட்டேன். மருந்து ஏறிக்கொண்டிருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? மூன்றாவது ஊசி போட்டாயிற்றா, வாய்ப்புண் ஆறியதா, உன் அக்கா வீட்டில் உன்னை வேலை வாங்காமல் இருக்கிறார்களா, இதற்கு மட்டும் பதில் எழுது.

போனில் பேசலாம் என்றால் நான் விழித்திருக்கும்போது நீ தூங்குகிறாய். நீ விழித்திருக்கும்போது என் வீட்டுக்காரர் போனை எடுத்து, "அவ தூங்குறாம்மா" என்று குசுகுசுத்துவிட்டு வைத்துவிடுகிறார். அதனால்தான் இந்த ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து. பிழை இருந்தால் சிரித்துக்கொள், திருத்தி அனுப்பாதே.

ஆஸ்பத்திரி சலவைக்கூடம் நீ விட்டுப்போனபடியே இருக்கிறது. பெரிய மெஷின் இன்னும் குதிக்கிறது. மடிப்பு மேசையில் உன் பக்கம் ஒரு புதுப் பெண்ணை நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல பிள்ளைதான். ஆனால் விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து நான் இந்தப் பக்கம் இழுத்தால், அவள் விரிப்போடு சேர்ந்து என்னிடம் ஓடி வருகிறாள். ராத்திரி நடுவில் மாற்றி மாற்றி அரை மணி கண்ணை மூடுவோமே, அப்போதுதான் உன் அருமை தெரிகிறது. "எந்திரிங்க மகாராணி, அரண்மனை எரியுது" என்று நீ காதுக்குள் சொன்னால் துள்ளி எழுவேன். இவள் பக்கத்தில் வந்து நின்று என் முகத்தையே பார்க்கிறாள். எழுப்பப் பயமாம்.

பேத்தி வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களிடமெல்லாம், "மெதுவா பேசுங்க, எங்க பாட்டி நைட்டு வேலை" என்கிறாள். கலெக்டர் வீட்டுப் பிள்ளைகூட இவ்வளவு மிடுக்காகச் சொல்லாது. எல்லாம் என் வளர்ப்பு.

மறந்துவிட்டேன். இடது மார்போரம், அக்குள் பக்கமாக ஒரு கட்டி. ஈர மூட்டை தூக்கிச் சதை பிடித்துக்கொண்டது போல. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன். வலி இல்லை.

இத்தனை வருஷமாக உன்னால் தூக்கம் கெட்ட,
மகாராணி


மார்ச் 13

மதிப்புக்குரிய மகாராணி அக்காவுக்கு,

ஊசி போட்டாயிற்று. வாய்ப்புண் ஆறியது. அக்கா வேலை வாங்கவில்லை. நான்தான் கை அரித்து, அவள் வீட்டுத் துணியை எல்லாம் மூன்று மடிப்பாக மடித்து வைத்தேன். "என் அலமாரியை வார்டு ஆக்கிட்டியே" என்று திட்டுகிறாள். தலைமுடி முழுக்கப் போய்விட்டது. கொண்டைக்கு வலை மாட்டு, வலை மாட்டு என்று சூப்பர்வைசர் உயிரை எடுப்பாரே, இனி என்னைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

பக்கம் பக்கமாக எழுதிவிட்டுக் கடைசியில் "மறந்துவிட்டேன்" என்று ஒன்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மறக்கிற ஆளா? எந்த வார்டிலிருந்து தலையணை உறை திரும்பி வரவில்லை என்று லீவு நாளில்கூடச் சொல்கிறவர்.

எனக்கும் வலி இல்லை அக்கா. மூட்டை தூக்கியதால் என்றுதான் நானும் நினைத்தேன். நானும் ஒத்தடம்தான் கொடுத்தேன். எட்டு மாதம் கொடுத்தேன்.

இங்கே எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா, என்ன வேலை, எத்தனை வருஷமாக நைட்டு என்று கேட்டார். சொன்னேன். "ராத்திரி வேலையாலதான் வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா ரொம்ப வருஷம் ராத்திரி முழிச்சு வேலை பார்க்கிற பொம்பளைங்களுக்கு இது கொஞ்சம் கூடுதலா வரலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. ராத்திரியெல்லாம் வெளிச்சத்துல நின்னா அது குழம்பிப் போகுது. உங்ககூட இருந்தவங்களையும் பார்த்துக்கச் சொல்லுங்க" என்றார்.

ஒத்தடத்தை நிறுத்துங்கள். ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், ஆஸ்பத்திரியின் முன்பக்கம் போய் உட்காருங்கள். மார்பைப் படம் எடுக்கும் அறையை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள்.

அன்புடன்,
அலாரம்


மார்ச் 30

அலாரத்துக்கு,

டாக்டரம்மா சொன்னதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த நைட்டு வேலையை வைத்துத்தான் மகனைப் படிக்க வைத்தேன், மகளைக் கட்டிக்கொடுத்தேன். வீட்டில் என் சொல் எடுபடுகிறதென்றால் அது இந்த வேலையால்தான். அதைப் போய் இப்படிச் சொன்னால்? சரி, நீ சொன்னாயே என்று போனேன்.

இத்தனை வருஷமாகப் பின்வாசல் வழியாகவே போய் வருகிறவளுக்கு முன்வாசல் எங்கே தெரிகிறது? காவலாளியிடம் கேட்டேன். "ஊருக்குப் புதுசாம்மா?" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் ஃபேன். அவ்வளவுதான் தெரியும். கண்ணைத் திறந்தால் மத்தியானம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். நோயாளிக்குத் துணைக்கு வந்தவள் அசந்து தூங்குகிறாள் என்று விட்டுவிட்டார்களாம்.

அடுத்த வாரம் பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். அன்று ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, போனில் மணி வைத்துவிட்டுப் படுத்தேன். அது வாயைத் திறந்ததும் என் வீட்டுக்காரர் பாய்ந்து வந்து அமுக்கிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் தூங்குகிறேன் என்று குக்கர் விசில்மேல் ஈரத்துணி போடுகிறவர், வாசல் மணியின் வயரையே பிடுங்கி வைத்திருக்கிறவர். கை தானாகப் போயிருக்கும். பிறகு ஞாபகம் வந்து, "ஏதோ ரத்தம் எடுக்கணும்னியே" என்று எழுப்பினாராம். நான் "நாளைக்குப் போறேன், விடுங்க" என்றேனாம். விட்டுவிட்டார். கட்டி என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மனிதர் அன்றிலிருந்து சாப்பிட மாட்டார்.

அதைத் தூக்கத்தில் சொன்னேனா, விழித்துச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

மகாராணி


ஏப்ரல் 6

அக்கா,

விழித்துத்தான் சொன்னாய்.

உன்னை எழுப்பியே எனக்குப் பாதி ஆயுள் போயிருக்கிறது. நிஜத் தூக்கத்தில் உன் வாயிலிருந்து வசவு மட்டும்தான் வரும். நாளைக்கு, விடுங்க என்ற மரியாதை எல்லாம் வராது.

உனக்குப் பயம். எனக்கும் இருந்தது, அதை மூட்டைமேல் பழி போட்டு எட்டு மாதம் ஓட்டினேன். நீ ஓட்டக் கூடாது. வீட்டுக்காரரிடம் சொல். அவர் சாப்பிடாவிட்டால் நான் வந்து ஊட்டுகிறேன்.

அடுத்த வாரம் எனக்கு ஊசி இல்லை. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், முகமூடி போட்டுக்கொண்டு போகச் சொன்னார். வாசல் மணிக்கு வயர் இல்லாவிட்டால் என்ன, எனக்குக் கை இருக்கிறது.

அலாரம்


ஏப்ரல் 24

என் அருமை அலாரத்துக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா?

நீ என்னை "நீ" என்று எழுதியது இதுதான் முதல் தடவை. கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் நீட்டி, "பாருங்க, இவ திமிர" என்றேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. பயம் என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "எதுக்குப் பயம்?" என்றார். அப்புறம்தான் சொன்னேன்.

நீ கதவைத் தட்டிய தட்டில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். பேத்தி வழக்கம்போல், "மெதுவா, எங்க பாட்டி நைட்டு வேலை" என்று ஆரம்பிக்க, "நானும் நைட்டு வேலைதான்டி, தள்ளு" என்றாயாமே. அன்றிலிருந்து அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறாள்.

ஆஸ்பத்திரியில் உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே நடந்ததை நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. இப்போது சொல்கிறேன். அந்த மெஷின் அமுக்கிய அமுக்கில், நாம் தேய்க்கிற தலையணை உறைகளை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது. அப்புறம் இன்னொரு மெஷினில் பார்க்க வேண்டும் என்று படுக்கச் சொன்னாள் படம் எடுக்கிற பெண். நான் ஏறாமல் நின்றேன். கட்டிலைப் பார்த்தால், விரித்திருந்தது நம் விரிப்பு. மூன்று மடிப்புக் கோடும் கயிறு பிடித்த மாதிரி நேராக இருந்தன. புதுப் பெண்ணோடு மடித்தால் கோணல்தான் வருகிறது. அது நீ இருந்தபோது மடித்து, அடுக்கின் அடியில் கிடந்ததாகத்தான் இருக்க வேண்டும். "ஏறிப் படுங்கம்மா" என்றாள். ஏறிப் படுத்தேன்.

அவளிடம், "ஒன்பது மணிக்குத் திறந்தா நைட்டு பொம்பளைங்க நாங்க எப்படிம்மா வர்றது?" என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை எனக்கும் நைட்டுதாம்மா, எக்ஸ்ரே ரூம்ல. பெரிய டாக்டர் சரின்னா, சனிக்கிழமை விடிஞ்சதும் உங்களையெல்லாம் பார்த்துட்டு நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள். "நீ எடுத்துக்கிட்டியா?" என்றேன். சிரித்தாள். "அப்ப உனக்கும் சனிக்கிழமைதான்" என்றேன்.

கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்தார்களே, அதன் முடிவு நேற்று வந்தது. அதுதான். உனக்கு வந்ததேதான். சின்னதாக இருக்கிறதாம், வேறு எங்கும் பரவின மாதிரி தெரியவில்லையாம், அறுத்து எடுத்துவிட்டு மேற்கொண்டு என்ன என்று பார்க்கலாமாம். "நல்ல வேளை, இப்பவே வந்தீங்க" என்றார் டாக்டர். "நான் எங்க சார் வந்தேன், இழுத்துட்டு வந்தாங்க" என்றேன்.

மே 16 காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ வர வேண்டும் என்று எழுதவில்லை.

மகாராணி


மே 2

மகாராணி அக்காவுக்கு,

மறுபடி "நீங்கள்" என்றே எழுதுகிறேன். அவசரத்துக்கு எடுத்ததைத் திருப்பி வைத்துவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தை முதல் தடவை அழுதுகொண்டே படித்தேன். இரண்டாவது தடவை "சின்னதாக" என்ற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். என்னிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை அக்கா. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அப்புறம் நாளெல்லாம் சந்தோஷமாக இருந்தேன். என்ன விசேஷம் என்று என் அக்கா கேட்டாள். என் கூட்டாளிக்குச் சின்னதாம் என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

என் கடைசி ஊசி ஏழாம் தேதி. அதன் பிறகு ரத்தம் பார்த்து டாக்டரம்மா சரி என்றால் பதினைந்தாம் தேதி இரவே வந்துவிடுவேன். சமைத்து வைக்க வேண்டாம், உங்கள் சமையலைச் சாப்பிட எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

அலாரம்


மே 29

என் அருமை அலாரத்துக்கு,

தையல் பிரித்தாயிற்று. கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லிப் பழக்குகிறார்கள். விரிப்பை உதறுகிற மாதிரி நினைத்துக்கொண்டு தூக்குகிறேன், வந்துவிடுகிறது. எடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், ஓரமெல்லாம் சுத்தமாம். கொஞ்ச நாள் கதிர் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். நான்கு தரம் கேட்டேன், நான்கு தரமும் அதையே சொன்னார்.

சனிக்கிழமைக் கதையைக் கேள். சலவைக்கூடத்து நைட்டுக்காரிகள் ஒருத்தி விடாமல் போயிருக்கிறார்கள். பெஞ்சில் தூங்கி விழாமல் இருக்கப் புதுப் பெண் எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்து, கண் சொருகுகிறவளைக் கிள்ளிக் கிள்ளி எழுப்பினாளாம். எழுப்பப் பயந்தவள்தான். ஒருத்தியை மட்டும் மறுபடி வரச் சொல்லி, பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். படம் எடுக்கிற பெண்ணும் கடைசியில் எடுத்துக்கொண்டாளாம்.

சூப்பர்வைசர் பழத்தோடு வந்து பார்த்தார். பகல் ஷிப்டில் மடிப்பு மேசைக்கு ஆள் வேண்டுமாம், எனக்குத் தரலாமாம். "அந்த மேசைக்கு ரெண்டு பேர் வேணும் சார். அவ உடம்பு தேறி வர்ற வரைக்கும் அந்தப் பக்கத்துக்கு யாரையும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு போயிருக்கிறார். தருவார். நீ மெதுவாக வா.

வீட்டில்தான் கூத்து. ராத்திரி கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு கிடக்கிறேன். எனக்குத் துணையாக என் வீட்டுக்காரரும் முழித்திருக்கிறார், பேச்சுதான் வரவில்லை, இருட்டில் பேசிப் பழக்கமே இல்லையே. நேற்று வாசல் மணிக்கு வயரை மாட்டினார். பேத்தி அடித்து அடித்து அதன் உயிரை எடுத்துவிட்டாள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அறுவை முடிந்து எனக்கு மயக்கம் தெளியவில்லை என்று நர்ஸ் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாளாம். அப்புறம் உன்னை உள்ளே விட்டார்களாம். நீ குனிந்து, அரண்மனை எரியுது என்றதும் அந்தப் பெண் பயந்துபோய் வாசலைப் பார்த்தாளாம். நான் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் உனக்குத் தெரியும், நிஜத் தூக்கத்தில்தான் திட்டுவேன். அத்தனை ஆழத்தில் கிடந்தும் உன் குரல் கேட்டிருக்கிறது.

எழுந்துவிட்ட,
மகாராணி