விருந்தாளியாக மட்டும் வா

கிரிம்ஸ்பி, நவம்பர் 2009

அன்புள்ள மகன் கிரெய்குக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை லியானும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், ஷெட்லாந்துத் தீவின் கடற்காற்றில் நீயும் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்.

இதுவரைதான் அம்மா சொன்னபடி. மீன் வெட்டும் மேசையில் நின்று நின்று அவள் விரல்கள் வீங்கிவிட்டன, அதனால் பேனா இப்போது லியானாகிய என் கையில். அவள் சொல்வதையும் எழுதுவேன், சொல்லாமல் விழுங்குவதையும் எழுதுவேன், இரண்டுக்கும் ஒரே கூலி, அதாவது ஒன்றுமில்லை. பள்ளியில் கணக்கு வாத்தியாரின் கோட்டுப் பைக்குள் ஒரு மீன் தலை இருந்ததாம், என்னைச் சந்தேகப்பட்டு மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். முன்பென்றால் அம்மா கையை ஓங்கிக்கொண்டே சிரித்திருப்பாள். இந்த முறை கையையும் ஓங்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

உன் கடிதம் வந்தது. சால்மன் மீன் பண்ணையில் வேலை முடிகிறது, ஒரேயடியாக வீட்டுக்கே வந்துவிடுகிறேன், கிறிஸ்துமஸுக்கு மீனைப் புகை போடும் ஆலையில் போன வருஷம் மாதிரி வேலை கொட்டும் என்று எழுதியிருக்கிறாய். அம்மா அதை அடுப்படியில் நின்று படித்தாள், உருளைக்கிழங்கு அடிப்பிடித்துவிட்டது, அதையே தின்றோம். கொட்டியதுதானே அண்ணா வினை. வளர்ந்த பிள்ளை வீட்டில் இருந்து சம்பாதித்தால் அவன் அம்மாவுக்கு வாடகையில் பங்கு தருவான் என்று நகர கவுன்சில் தானாகவே நினைத்துக்கொண்டு, அவளுடைய வாடகை உதவியில் வெட்டிவிடுகிறது. எத்தனைக்கெத்தனை நீ சம்பாதிக்கிறாயோ அத்தனைக்கத்தனை வெட்டு. போன வருஷம் அவர்கள் கேட்ட ஐந்து வாரச் சம்பளச் சீட்டும் கிறிஸ்துமஸுக்காக ஊரெல்லாம் புகை போட்ட சால்மன் கேட்ட வாரங்களுடையதாக அமைந்துவிட்டது. வருஷம் முழுக்க நீ ராஜா என்று முடிவு செய்துவிட்டார்கள். ஜனவரியில் ராஜா காலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தபடி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், ஆலையிலிருந்து அழைப்பு வரவில்லை. மறுபடி சீட்டு காட்டச் சொன்னார்கள், ஒரு வாரம் இரண்டு நாள் வேலை, ஒரு வாரம் ஒன்றுமே இல்லை, பிறகு புனித வெள்ளிக்கு மீன் வேண்டுமென்று ராத்திரி பகலாக வேலை, எல்லாவற்றையும் போட்டுக் கலக்கிச் சராசரி என்றார்கள். அந்தச் சொல்லின் வாலில் மட்டும்தான் சரி இருக்கிறது. அம்மாவுக்கும் அதே ஆலைகள், அதே வராத அழைப்பு. நீ போய்விட்டால் வெட்டு நிற்கும் என்றுதான் ஷெட்லாந்துக்குக் கிளம்பினாய்.

நிற்கவில்லை. இதைச் சொல்லக் கூடாது என்று அம்மா இத்தனை மாதம் என் வாயைக் கட்டியிருந்தாள். நீ போன பிறகு கவுன்சிலிலிருந்து பிக்கரிங் என்று ஒருவர் பார்க்க வந்தார். நான் அவரை ஸ்பிரிங் உடைந்த நாற்காலியில் உட்காரவைத்தேன், நெளிந்துகொண்டே, “மகன் இங்க குடியில்லன்னு ஒரு கையெழுத்து போடுங்கம்மா, வெட்டுனது திரும்ப வந்துரும்” என்று நல்லபடியாகத்தான் சொன்னார். அம்மா அவரை நேரே உன் அறைக்குக் கூட்டிப்போய், “குடியில்லாம என்ன? வேலைக்குப் போயிருக்கான். இது அவன் கட்டில், இது அவன் போர்வை. என் புள்ளைக்கு வீடு இல்லன்னு நானே எழுதித் தரணுமா? உங்க அம்மா தருவாங்களா?” என்று கேட்டாள். அவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நீ வீட்டில்தான் இருக்கிறாய் என்று கவுன்சிலுக்கு எழுதிப் போய்விட்டது, உன் சம்பளச் சீட்டு எதுவும் கையில் இல்லாததால் இருப்பதிலேயே பெரிய வெட்டாகப் போட்டுவிட்டார்கள். கோடை முழுக்க அதுதான். வாடகைப் பாக்கிக்காகப் புத்தாண்டு கழிந்ததும் கோர்ட்டுக்குப் போகிறேன் என்று வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் நின்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அம்மா கவுன்சிலுக்குப் போய் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். வரும் வழியில் எனக்கு மட்டும் சிப்ஸ் வாங்கித் தந்தாள். இனி வெட்டு இருக்காது, வீட்டுக்காரரும் கொஞ்சம் பொறுப்பார். ஆனால் நீ மறுபடி இங்கே குடிவந்தால் அதே ஆலை, அதே ஐந்து வாரம். “அவன வர வேணாம்னு எழுது” என்றாள். எழுதினேன். “இல்லடி, அப்படி எழுதாத, அடிச்சிரு” என்றாள். அதனால்தான் இந்தப் பக்கம் இவ்வளவு அசிங்கமாக இருக்கிறது, என் கையெழுத்தைக் குறை சொல்லாதே. கடைசியில், “விருந்தாளியா வரச் சொல்லு. விருந்தாளிய அவங்க கணக்குல எடுக்க மாட்டாங்களாம்” என்றாள். பண்டிகைக்கு நாலு நாள் இங்கே வா, குடியிருக்கத் துறைமுகப் பக்கம் உன் பேரில் ஒரு அறை பார்த்துக்கொள். இதற்கு ஏதாவது வேடிக்கையாக எழுதலாம் என்று பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

இனி அம்மா சொல்வது. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஈரக் காலுறையோடு தூங்காதே. அறைக்காரரிடம் மரியாதையாக நட. மறக்காமல் உன் வாசல் சாவியைத் தபாலில் அனுப்பிவிடு, உன்னிடம் சாவி இருக்கிறதா என்று இனி யாராவது கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது. வரும்போது கதவைத் தட்டு. நான்தான் வந்து திறப்பேன்.

உன் அம்மா
கிளெண்டா ஆஸ்கர்பி