நிவெஸ் பெயர் ஒட்டிய ஒயின்

மார்ச் 14

தேய்பிறை பார்த்துப் பாட்டிலில் அடைத்தாயிற்று. என் மனைவி நிவெஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னை விரட்டினாள். போன அறுவடையில் அவள் பிழிந்த வெள்ளை ஒயின் இது. வெனிஸ் பக்கத்துத் தீவில் அருங்காட்சியகம் மே மாதம் நடத்தப்போகும் இத்தாலிய அலங்காரக் கண்ணாடிக் கண்காட்சிக்கு நினைவு ஒயினாக மொத்தமும் போகிறது. லேபிளில் அவள் பெயர்.

நிறமில்லாத பாட்டில்தான் வேண்டும் என்று கண்காட்சிப் பொறுப்பாளர் லவீனியா பிடிவாதம் பிடித்தாள். "கண்ணாடிக் கண்காட்சிக்குப் பச்சை பாட்டிலா சார்? சிரிப்பாங்க." திறப்பு நாள் வரை வெளிச்சம் படாமல் பெட்டிக்குள்தானே இருக்கும் என்று தலையாட்டிவிட்டேன்.

ஏப்ரல் 2

டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அடுத்த அறுவடையை அவள் பார்க்கமாட்டாளாம். சிகிச்சையில் செத்துப்போன மூக்கும் நாக்கும் இனி திரும்பாதாம். காபியும் வெந்நீரும் அவளுக்கு ஒன்றுதான்.

காரில் ஏறியதும் கேட்டாள்: "மே மாசம் வரைக்கும் ஓடுமாமா?"

ஓடும் என்றேன்.

ஏப்ரல் 3

எழுத ஒன்றுமில்லை.

மே 9

ஏன் இன்றே தீவுக்குப் போனேன்? நாளைக்குத் திறப்புக்கு எல்லோரோடும் போயிருக்கலாமே.

படகிலிருந்தே தெரிந்தது. தண்ணீரைப் பார்த்த பெரிய ஜன்னலில் எங்கள் பாட்டில்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். அனுப்பிய நாளிலிருந்து அப்படியேதானாம். பகலெல்லாம் வெயில், மாலையில் விளக்கு. கண்ணாடிக்காரர்களுக்கு வெளிச்சம் பட்டால்தான் எதுவும் அழகு. வெள்ளை ஒயினுக்கு அது எமன் என்று அவர்களுக்கு யார் சொல்வது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஒன்றைத் திறந்தேன். வேகவைத்துக் கெட்டுப்போன முட்டைக்கோஸ் நாற்றம். இன்னொன்று. அதுவும் அப்படியே. எங்கே கைவைத்தாலும் அதே நாற்றம்.

லவீனியா அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற நல்ல ஒயினை இதுலயே ஊத்திடலாம் சார். மேடத்துக்குத்தான் வாசனை தெரியாதே?" என்றாள்.

"அவ பேரை ஒட்டிட்டு எவனோ ஒருத்தன் ஒயினா?" என்று கத்திவிட்டேன்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி. சரி என்றிருந்தால் என்ன? பெரிய ரோஷக்காரன்! இப்போ அவ மூஞ்சிய எப்படிப் பாப்பே?

வீட்டில், தலையில் கட்ட வைத்திருக்கும் நீலத்துணிக்குப் பொருத்தமாகத் தோடு தேடிக்கொண்டிருந்தாள். சொல்ல வாய் வரவில்லை.

மே 10

பாட்டில்களைத் திறந்தார்கள். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக் கிளாஸை உயர்த்தினார்கள். முகர்ந்ததும் ஒவ்வொரு முகமும் இறுகியது. ஆனாலும் வரிசையாக வந்து அவள் கையைக் குலுக்கி, "பிரமாதம் மேடம்" என்றார்கள். சக்கர நாற்காலியில் ராணிபோல இருந்தாள்.

"எப்படி வந்திருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"நல்லா வந்திருக்கு."

குடித்துக் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால் இன்னொரு கிளாஸும் குடித்தேன். வாழ்க்கையில் அவளிடம் இவ்வளவு கேவலமாக நான் பொய் சொன்னதில்லை.

மே 12

சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"அன்னிக்கு மேஜையெல்லாம் பாத்தேன். எல்லார் கிளாஸும் நெறஞ்சே இருந்துச்சு. உன்னுது மட்டும் ரெண்டு தடவை காலி."

சிந்திய சூப்பைத் துடைத்தேன்.

"என்ன நாத்தம்? சொல்லு."

"முட்டைக்கோஸ்."

"வெளிச்சம் பட்டிருக்கும். அறிவுகெட்டவங்க." சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடிந்தது. "அதையா ரெண்டு கிளாஸ் குடிச்சே? வயித்துக்கு ஒண்ணும் பண்ணலையே?"

அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். எனக்கு வெட்கமில்லை.

ஜூன் 23

கண்காட்சி முடிந்து மீதி பாட்டில்கள் திரும்பி வந்தன. இறக்கி வைத்த ஆள் திறந்திருந்த ஒன்றை முகர்ந்துவிட்டு, "கொட்டிடுங்க சார், இதை யாரு குடிப்பா?" என்றான்.

மதியம் மேஜையில் ஒரே ஒரு தட்டு வைத்தேன். அவள் போன நாளில் மடித்து வைத்த சக்கர நாற்காலி சுவரோரம் நின்றது. ஒரு பாட்டிலைத் திறந்தேன். நாற்றம் கொஞ்சமும் குறையவில்லை.

குடித்தேன்.