ஒன்பது பண்ணை, எட்டு முத்திரை

பிப்ரவரி 3, திங்கள்

காலைக் கறவை முடித்து உள்ளே வந்தால் மேசையில் கம்பெனிக் கடிதம். கழுத்துப்பட்டைச் சேவை மார்ச் 31-ஓடு நிற்கிறதாம். "இத்தனை காலம் ஆதரவளித்தமைக்கு மனமார்ந்த நன்றி." கம்பெனியையே மூடுகிறார்கள். அதைக் கடைசியில், பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

இசாவோ மிசோ சூப்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "அப்போ நம்ம மாடுங்க கழுத்துல தொங்கறது?"

"தொங்கும்."

"வேலை செய்யுமா?"

"செய்ய வைப்பேன்."

சிரித்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக இதே சிரிப்புதான். நம்புகிறாரா, கேலி செய்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 4, செவ்வாய்

கம்பெனிக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டு. பிறகு ஒரு பெண் குரல்.

விஷயம் நான் நினைத்ததைவிடப் பெரியது. எங்கள் அறுபத்திரண்டு மாடுகளும் எவ்வளவு நடக்கின்றன, எவ்வளவு நேரம் அசைபோடுகின்றன என்று பட்டைதான் தொழுவத்துப் பெட்டிக்குச் சொல்கிறது. பெட்டி தோக்கியோவுக்கு அனுப்புகிறது. தோக்கியோ கணக்குப் போட்டு என் கைபேசிக்கு 'முப்பத்தாறாம் எண் சரியில்லை' என்கிறது. இதெல்லாம் நிற்கும், சரி. ஆனால் தோக்கியோவிலிருந்து ஏழு நாள் பதில் வராவிட்டால் பெட்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளுமாம்.

"தீவன வாசல்? அது பட்டையைப் பார்த்துதானே திறக்குது?"

"அதுவும் நின்னுடுங்க."

"மாடு பட்டினி கிடக்குமே!"

"மிகவும் வருந்துகிறோம், வாடிக்கையாளர் அவர்களே."

கையால் தீவனம் அள்ளிப்போடத் தெரியாதவளா நான்? தெரியும். ஆனால் அறுபத்திரண்டு மாடு, இரண்டு ஆள், அதில் ஒருவருக்கு முழங்கால் போய்விட்டது. எத்தனை நாள்?

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். இந்த வட்டாரத்தில் ஒன்பது பண்ணைகளில் இந்தப் பட்டை இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வீடு வீடாகப் போய், "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்று சொன்னவள் இந்த ஒனுமா தோகிகோதான்.

பிப்ரவரி 7, வெள்ளி

பனி, பனி, பனி. பால் வண்டி மூன்று மணி நேரம் தாமதம்.

பிப்ரவரி 12, புதன்

கூட்டுறவுச் சங்கத்தில் கூட்டம். எட்டுப் பண்ணையிலிருந்து வந்திருந்தார்கள். ஒன்பதாவது பண்ணைக் கமதா வரவில்லை. அவர் வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் என் முகத்தைப் பார்க்காமல் டீ குடித்தார்கள்.

நொகாமிதான் முதலில் வாயைத் திறந்தான். "வேற கம்பெனிப் பட்டை வாங்கிடலாமே?"

"அதுக்குத் தீவன வாசலையும் மாத்தணும். பெட்டியையும் மாத்தணும். இதே பேச்சை இன்னும் பத்து வருஷம் கழிச்சு மறுபடி பேசலாம். வர்றியா?"

"அப்போ நீங்களே சொல்லுங்க ஒனுமா சான்."

"இருக்கறதை நாமளே ஓட்டுவோம்."

சொல்லிவிட்டேன். எப்படி என்று ஒருவராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மினாசேயைக் கூப்பிட்டேன். பட்டை வாங்கியபோது கம்பெனியிலிருந்து பெட்டி பொருத்த வந்த பெண். அப்போதே வண்டியைப் பனியில் சொருகிக்கொண்டு இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினாள். இப்போது நாற்பது வயதிருக்கும். அவளுக்கும் மார்ச் 31-தான் கடைசி நாளாம்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேங்க" என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

ஸப்போரோவிலிருந்து ஆறு மணி நேரம் தானே ஓட்டிக்கொண்டு மினாசே வந்தாள். வந்த காலோடு பெட்டியைத் திறந்தாள். உள்ளே வைக்கோல் தூசி, ஒரு எலி எலும்புக்கூடு.

பெட்டி தோக்கியோவோடுதான் பேச வேண்டும் என்று கட்டாயமில்லையாம். இங்கேயே ஒரு கணினி வைத்து, ஒன்பது பெட்டியையும் அதோடு பேச வைக்கலாம். ஆனால் அதற்குக் கம்பெனியின் நிரல் வேண்டும், பதினோரு வருஷப் பதிவும் வேண்டும்.

"பழைய பதிவு எதுக்கு? புதுசா ஆரம்பிச்சுக்கலாமே" என்றேன்.

"பழசு இல்லாட்டி, உங்க மாட்டுல எது நோயாளி, எது சோம்பேறின்னே அதுக்குத் தெரியாதுங்க. அப்புறம் அந்தப் பதிவைக் கம்பெனி தன் சொந்த வடிவத்துலதான் எழுதி வச்சிருக்கு. அதைப் படிக்கற நிரல் உலகத்துல ஒண்ணே ஒண்ணு. முப்பத்தொண்ணாம் தேதி அதையும் அழிக்கறாங்க."

கம்பெனியை மூட வந்திருக்கும் வக்கீலிடம் பேசினோம். மோசமான ஆள் இல்லை. ஒன்பது பண்ணைப் பதிவும் ஒரே கிடங்கில் கலந்து கிடக்கிறது, பிரித்துத் தர ஆளும் இல்லை, நாளும் இல்லை. ஒன்பது பேரும் ஒரே தாளில், கையெழுத்துக்குப் பதில் அவரவர் பெயர் முத்திரை வைத்து, இனிக் கம்பெனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று சொன்னால், நிரலோடு மொத்தமாகத் தருவார். மார்ச் 21-க்குள்.

ஒன்பது பேரும்.

மார்ச் 1, சனி

எட்டு முத்திரை வாங்கியாயிற்று. இதில் நொகாமி தன் முத்திரையைத் தேடி வீட்டையே கவிழ்த்தான். குளிர்பெட்டிமேல் இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

கமதா விஷயத்தை இதுவரை இதில் எழுதவே இல்லை. ஏன் எழுதவில்லை?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜனவரிப் புயலின்போது, கமதாவின் கைபேசி நாள் முழுக்க 'எல்லாம் நலம்' என்றே காட்டியது. வாசலில் ஆளுயரப் பனி. அவர் மனைவி அப்போது குஷிரோ ஆஸ்பத்திரியில். இவர் ஒற்றை ஆள், வழி வெட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மாடுகள் செத்துக் கிடந்தன. கம்பெனியைக் கேட்டார். 'கருவியில் குறையில்லை, பயன்படுத்தியவரின் கவனக்குறைவு' என்று கடிதம் வந்தது. அதைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டினார்.

அங்கே நான் சொன்னேன், "பட்டை இருந்தா போதுமா? மாட்டைக் கண்ணாலயும் பார்க்கணும்ல."

முப்பது பேர் முன்னால். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. சங்கத்துக்கும் வருவதில்லை.

மார்ச் 3, திங்கள்

கேக் வாங்கிக்கொண்டு கமதா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார்.

"யாரு, தலைவியம்மாவா?"

தாளை நீட்டி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். பேச்சு எனக்குக் கைவந்தது.

"இனிமே எந்தக் கோரிக்கையும் இல்லைன்னு நான் முத்திரை வைக்கணும். அப்படித்தானே?"

"மத்தவங்க எல்லாரும் வச்சுட்டாங்க."

"மத்தவங்களுக்கு அந்தக் கடிதம் வரலையே. போங்க. பட்டை போனா போகட்டும். மாட்டைக் கண்ணால பாருங்க."

கதவு சாத்தியாயிற்று. கேக்கை வண்டியில் காத்திருந்த இசாவோ தின்று தீர்த்தார்.

மார்ச் 4, செவ்வாய்

நான் சொன்னதில் என்ன தப்பு? மாட்டைக் கண்ணால் பார்க்கத்தானே வேண்டும்? ஒரு ஆள் பிடிவாதத்துக்கு எட்டுப் பண்ணை பலியா? அவர் மாடும்தானே பட்டினி கிடக்கப்போவுது! என்ன மனுஷன்!

பின்குறிப்பு: எழுதி முடித்ததும் கோபம் போய்விட்டது. போனதற்குப் பிறகு மிஞ்சியது நன்றாக இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மினாசே மறுபடி வந்தாள். பெட்டிகளைப் பார்க்க அவளை ஒவ்வொரு பண்ணையாக லாரியில் கூட்டிக்கொண்டு போனேன். கமதா வீட்டு வளைவு வந்ததும், "இவர்தான் ஒன்பதாவது" என்று நடந்ததைச் சொன்னேன்.

நொகாமி பண்ணை தாண்டிய பிறகு, "வண்டியைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். வாந்தி வருகிறதோ என்று நினைத்தேன்.

"அந்த நாள் பழுது எங்க பக்கம்தான். அவர் பெட்டி சரியாத்தான் அனுப்புச்சு. தோக்கியோவுல வாங்கிக்கற மெஷின் படுத்துடுச்சு, பழைய நிலவரத்தையே திருப்பித் திருப்பிக் காட்டிட்டிருந்தது. சாயங்காலமே எங்களுக்குத் தெரியும்."

"அப்புறம் அந்தக் கடிதம்?"

"எழுதச் சொன்னாங்க. நான்தான் எழுதினேன்."

துடைப்பான் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. அவளைத் திட்ட வாயெடுத்தேன். கடிதத்தை எழுதியவள் இவள். அதைக் கேட்டு ஊர் முன்னால் ஒரு மனுஷனை அவமானப்படுத்தியவள்? இவளை மட்டும் திட்ட நான் யார்?

"அழாதே. அழுது ஒண்ணும் ஆகாது. அந்த நாள் பதிவு இன்னும் இருக்கா?"

"கிடங்குல இருக்கு. முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும்."

ஆக, அவர்மேல் தப்பில்லை என்பதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சியும் அதே கிடங்கில்தான்.

மார்ச் 10, திங்கள்

கடைவாய்ப்பல் வலி. சினைமாடு இரண்டு நாள் முந்தி ஈன்றுவிட்டது. கிடாரிக் கன்று.

மார்ச் 14, வெள்ளி

பகல் இரண்டு மணிக்கு இருவரும் போனோம். கையில் கேக் இல்லை. தாளையும் லாரியிலேயே விட்டுவிடலாம் என்று மினாசே சொன்னாள், விட்டேன்.

கமதா தொழுவத்தில் சாணம் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், தள்ளுவதை நிறுத்தவில்லை.

மினாசே ஈரத் தரையிலேயே இடுப்பு வளைத்துக் குனிந்தாள். நிமிரவே இல்லை. குனிந்தபடியே அந்த நாள் நடந்ததை மணிவாரியாகச் சொன்னாள். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவளே கையால் எழுதியது, அடியில் அவள் சொந்த முத்திரை.

"கம்பெனி பேர்ல எழுத எனக்கு அதிகாரம் இல்லைங்க. அதனால என் பேர்ல எழுதியிருக்கேன். போன கடிதம் பொய். உங்கமேல எந்தத் தப்பும் இல்லை."

கையுறையைக் கழற்றி வாங்கிப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

அடுத்தது என் முறை. வண்டியில் வரும்போது மனசுக்குள் நல்ல நல்ல வாக்கியமாகக் கட்டி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "தப்பாப் பேசிட்டேன் கமதா சான். உங்க வாசல்ல எவ்வளவு பனின்னுகூட நான் கேக்கல. ஊர் முன்னாடிதான் பேசினேன், ஊர் முன்னாடியே மன்னிப்புக் கேக்கறேன். சங்கத்துல—"

"வேண்டாம். உன் குரலை ஊர் இன்னொரு தடவை கேக்கணுமா?"

மினாசே சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. "கொமாச்சி. ஸுஸுரான். மொமிஜி" என்றார். செத்த மூன்றின் பெயர். "மொமிஜிக்கு அப்போ ஒன்பது மாசச் சினை."

அவர் மறுபடி சாணம் தள்ளினார். நான் இன்னொரு தள்ளுகட்டையை எடுத்து அடுத்த வரிசையில் ஆரம்பித்தேன். சும்மா நிற்பது எனக்கு ஆகாது. வரிசை முடியும்போது கேட்டார், "அந்தக் கணினியை எங்க வைக்கப்போறீங்க?"

"சங்க ஆபீஸ்ல."

"அங்க ஜன்னலே ஒழுங்கா மூடாது. என் உருளைக்கிழங்குக் கிடங்குல வைங்க. கோடையிலும் குளுகுளுன்னு இருக்கும், ஜெனரேட்டரும் இருக்கு." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "அது என்ன சொல்லுது, எப்போ சொல்லாம நிக்குதுன்னு இந்தத் தடவை நானே உக்காந்து பார்ப்பேன்."

தாளைக் கொண்டுவர லாரிக்கு ஓடினேன். ஐம்பத்து நாலு வயதில் பனியில் ஓடி, விழுந்து, எழுந்து ஓடினேன்.

மார்ச் 19, புதன்

வக்கீல் ஒப்புக்கொண்டார். ஒன்பது முத்திரையையும் எண்ணிப் பார்த்தாராம்.

மார்ச் 31, திங்கள்

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தோக்கியோ நின்றது. கைபேசியில் ஒரு வெள்ளைத் திரை, அவ்வளவுதான். மாடுகள் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 5, சனி

ஐந்தாம் நாள். நிரல் வந்துவிட்டது, பழைய பதிவு அழகாகத் திறக்கிறது, ஆனால் பெட்டி அனுப்புவதைக் கணினி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. மினாசே கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கையால் தீவனம் போட ஒன்பது வீட்டுக்கும் முறை போட்டுவிட்டேன். தேவைப்படாது. இருந்தாலும் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கண்டுபிடித்தது மினாசே இல்லை, கமதா! திரையில் ஓடும் வரிகளைக் காலையிலிருந்து வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தவர், மதியம் விரலை நீட்டினாராம். "இது என்ன, ஹெய்செய் முப்பத்தேழுன்னு வருது? பழைய சக்கரவர்த்தி இறங்கி ஆறு வருஷமாச்சே. இப்ப ரெய்வா ஏழு இல்லையா?"

சக்கரவர்த்தி மாறினால் வருஷக் கணக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும்; ஒன்பது பெட்டிகளும் இன்னும் பழைய ஆட்சியிலேயே வருஷம் எண்ணிக்கொண்டிருக்கின்றன. தோக்கியோ இத்தனை நாளும் அதைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டிருந்திருக்கிறது. மினாசே நெற்றியில் அடித்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிட்டாள்.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு எங்கள் பெட்டி பேசியது. ஆறு மணிக்குள் ஒன்பதும். தீவன வாசல் முன்னால் போய் நின்றேன். முதல் மாடு கழுத்தை நீட்டியது, வாசல் திறந்தது.

இசாவோவைத் திரும்பிப் பார்த்தேன். அதே சிரிப்பு.

மே 18, ஞாயிறு

சங்கம் மினாசேயை வாரத்துக்கு மூன்று நாள் வேலைக்கு எடுத்துக்கொண்டது. பக்கத்து ஊரிலிருந்து நாலு பண்ணைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுடையது வேறு கம்பெனி. அது இன்னும் மூடவில்லை. "மூடறதுக்கு முன்னாடியே வந்தது நல்லது" என்றேன்.

ஜூன் 11, புதன்

காலை நாலே முக்காலுக்குப் போன். நல்ல வெளிச்சம். கமதா.

"உன் இருபத்தேழாம் எண் அசைபோடறதை நிறுத்தி ரெண்டு மணி நேரமாச்சு. நீ என்ன பண்றே?"

"பல் தேய்க்கறேன்."

"துப்பிட்டு ஓடு."

ஓடினேன். நேற்று ஈன்ற மாடு. காது சில்லென்று, கால் மடங்கி, எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. கால்நடை டாக்டர் வந்து கால்சியம் ஏற்றினார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் தன்னால் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். ஏழு மணிக்கு எழுந்து நின்றுவிட்டது.

சொல்லலாம் என்று கமதாவைக் கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை, இரண்டு வருஷம் சங்கத்துப் பக்கமே வராத மனுஷர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நொகாமியோடு என்று பிறகு தெரிந்தது.

கறவை முடித்து, சாப்பிட்டு, அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டேன்.

இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.