விபத்தில்லாத வருஷத்துக்கு ஒரு ஷீல்டு

டிசம்பர் 11, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். மூன்று நாளாகத் துணி காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. குடைக் கம்பி வேறு ஒடிந்துவிட்டது.

செய்ய வேண்டியவை:
செருப்பு வார்
சிலிண்டர் புக் பண்ண
நீலப் புடவை இஸ்திரி
ஷீல்டு பாரத்தில் கையெழுத்து

கடைசியில் எழுதியதுதான் முதலில் முடிந்தது. முதலாளி கோதண்டம் (இனி கோ.) காலை ஏழு மணிக்கே சாரத்தில் எங்கள் வீட்டுக்கு வண்டி அனுப்பி வாங்கிக்கொண்டார். ‘இந்த ஆண்டில் எங்கள் நிறுவனத்தில் எந்த விபத்தும் நிகழவில்லை.’ கீழே சேஃப்டி ஆபீசர் என்று நான்.

நாளையும் மறுநாளும் எண்ணெய்க் கம்பெனி காண்ட்ராக்டர்கள் சங்கத்தின் ஆண்டு மாநாடு. மலரில் எங்களைப் பற்றி மூன்று வரி. ‘நிலத்தடி எரிபொருள் தொட்டி பராமரிப்பில் முன்னோடி.’ முன்னோடியாம்! பதினோரு ஆள், காற்றடிக்க ரெண்டு புளோயர், ஆவியை அளக்க ஒரு கேஸ் மீட்டர். பெட்ரோல் பங்க் டேங்குக்குள் ஆளை இறக்கிக் கசடு வாருகிறோம் என்று எழுதினால் நாறிவிடும் போல.

கையெழுத்துப் போடும்போது ஏழுமலை ஞாபகம். ஆயுதபூஜை கழித்து நாலாம் நாள் டேங்குக்குள் இறங்கியவன் ஐந்து நிமிஷத்தில் சாய்ந்துவிட்டான். இடுப்பில் கயிறு இருந்ததால் தூக்க முடிந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. இன்னும் நடை சரியில்லை, அன்று காலை நடந்தது ஒன்றும் அவனுக்கு நினைவில்லை. ‘குடிச்சிட்டு எறங்கிக்கிறாம்மா, வாய்ல வாடை வருது பாரு’ என்றார் கோ. ஏதோ வாடை வந்தது நிஜம். மீட்டர் பார்த்தது நான். 0 காட்டியது, உள்ளே ஆவி இல்லை என்று. அப்புறம் வேறு என்ன காரணம் இருக்கும்? அறிக்கையில் ‘மது அருந்தியிருந்தார்’ என்று எழுதியதும் நானேதான். குடித்துவிட்டு விழுந்தால் அது விபத்தில் சேராது. அவன் வேலையும் போயிற்று.

நாலு வருஷமாகத் தொட்டதில்லை மேடம் என்று என்னிடமே எத்தனை முறை பீற்றியிருப்பான். நம்பினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

மழை இல்லை, புழுக்கம். கடற்கரை ஓட்டல். வாசலிலேயே அருவருப்பு ஆரம்பம்.

பதிவு மேஜைக்கு முன்னால் நின்றேன். சேலத்துக்காரர் ஒருத்தர் தன் அடையாள அட்டையை என்னிடம் நீட்டி, ‘பேரு தப்பா இருக்கு, மாத்திக் குடும்மா’ என்றார். சேஃப்டி ஆபீசர் என்றேன். ‘ஓ, லேடீஸ்லாம் டேங்குல எறங்குறீங்களா?’ பக்கத்தில் நின்றவனுக்கு ஒரு கண்ணடிப்பு.

பையில் கொடுத்தவை: தொப்பி, பேனா, சாவிக்கொத்து, தண்ணீர் பாட்டில், முந்திரி. சேஃப்டி புத்தகம் இல்லை. ‘பிரிண்ட் ஆகி வரல மேடம்.’

பயிற்சி பத்து மணிக்கு. முந்நூறு நாற்காலி, நாற்பது தலை. அட்டெண்டன்ஸ் நோட்டில் மட்டும் பக்கம் பக்கமாகக் கையெழுத்து. ஒரே பேனா, ஒரே சாய்வு. மற்றவர்கள் எங்கே என்று கேட்கவே வேண்டாம். சரக்கு மலிவான இந்த ஊரில் மாநாடு வைப்பது எதற்கு என்று குழந்தைக்கும் தெரியும். பதினோரு மணிக்கே லிஃப்டில் அந்த வாடை. மஞ்சள் சுவர் தெருவில் போய் நின்று போட்டோ, அப்புறம் பிராந்திக் கடை. எங்கள் ஊரில் வேறு ஒன்றுமே இல்லை இவர்களுக்கு.

பயிற்சி கொடுத்தவர் சென்னை. கோட்டு. எல்லாம் இங்கிலீஷ். தீயில் வெந்த ஆளின் படம் திரையில், எனக்குப் பின்வரிசையில் சமோசா நொறுங்கும் சத்தம். ‘சட்னி வாங்கியாடா.’ பாவி.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. தினமும் காலையில் கேஸ் மீட்டருக்கு ஒரு சின்ன சிலிண்டரிலிருந்து வாயுவைக் காட்டி, அது அலறுகிறதா என்று பார்க்கணுமாம். அலறினால்தான் அதை நம்பணுமாம். சாமிக்குத் தீபாராதனை காட்டுகிற மாதிரி தினமும் காட்டணுமா? பச்சை லைட் எரிகிறது, 0 காட்டுகிறது, இன்னும் என்ன. இவர் ஒரு பங்க்குக்குள்ளாவது கால் வைத்திருப்பாரா? நோட்டை மூடிவிட்டேன்.

சாயங்காலம் புல்தரையில் தீயணைப்பு செய்முறை. தட்டில் பெட்ரோல் ஊற்றித் தயாராக வைத்திருக்கிறார்கள். ஆறடி தள்ளி ஒருத்தர் சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிறார். பெட்ரோல் காண்ட்ராக்டர்! சொன்னதற்கு, ‘முப்பது வருஷமா இதே பொழப்பு மேடம், ஒண்ணும் ஆவாது.’

அப்புறம் அறிமுகக் கூட்டம். ஆளுக்காள் கார்டு. ஒன்றும் பேச வேண்டாம், கார்டைக் கொடுத்து முதுகைத் தட்டினால் போதும். எனக்கு இருபத்தேழு சேர்ந்தது. ஒரு கார்டின் பின்னால் ரூம் நம்பர் எழுதியிருந்தது. கிழித்துக் குப்பையில் போட்டேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினேன்.

டிசம்பர் 13, சனி

காலையில் கொட்டு கொட்டென்று கொட்டியது. எழுதவே கை வரவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கண்காட்சியில் ஒரு ஸ்டால். ‘உங்கள் கேஸ் மீட்டரை இலவசமாகச் சோதித்துத் தருகிறோம்.’ சோதித்துக்கொண்டால் குடை இலவசம். சத்தியமாகக் குடைக்காகத்தான் போனேன். வண்டி டிக்கியிலிருந்து மீட்டரை எடுத்துப்போய்க் கொடுத்தேன்.

அந்தத் தம்பி ஒரு குழாயை மீட்டர் மேல் வைத்து வாயுவைத் திறந்தான். அலறணும். சத்தமே இல்லை. பச்சை லைட். 0. மறுபடி திறந்தான். 0.

முகப்பில் வட்டமாகச் சல்லடை மாதிரி இருக்கும், அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகணும். அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். குண்டூசியால் சுரண்டினான். மஞ்சளாகத் தூள் உதிர்ந்தது. மோந்து பார்த்தான்.

‘மேடம், இது சந்தனமா?’

ஆயுதபூஜை. புளோயர், பம்ப், கயிறு, ஹெல்மெட், எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். மீட்டர் கையடக்கம், பொட்டு வைக்க இடமே இல்லை. நடுவில் அந்த வட்டம் வாகாக இருந்தது.

ஸ்டாலைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ‘குங்குமம் வெக்கலியா மேடம்?’ ஒருத்தன் போட்டோ எடுத்தான். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சுரண்டி, ஊதி, திரும்ப வாயு காட்டினான். மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது.

‘இத வெச்சுக்கிட்டு யாரையும் உள்ள எறக்கலயே மேடம்?’

குடையை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த நேரத்திலும் குடையை மறக்கவில்லை பார். சீ.

கோ. சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றார். சொன்னேன். ஏழுமலை குடிக்கவில்லை, நாம்தான் அவனைப் பெட்ரோல் ஆவிக்குள் இறக்கியிருக்கிறோம், வாயில் வந்த வாடையும் அதுதான் என்றேன். கோழி வறுவலை எடுத்தபடியே கேட்டார்.

‘இப்ப அலறுதில்ல?’

‘அலறுது சார்.’

‘அப்ப வுடும்மா. மூணு மணிக்கு மேடை ஏறணும். இப்பப் போயி சந்தனம் கிந்தனம்னுக்கிட்டு. பொட்டு வெச்சது யாரு, நீதான? யோசிச்சுப் பேசு.’

யோசித்தேன். மூன்று மணிக்கு மேடை ஏறினேன்.

அதுதான் உண்மை. யாரும் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை. பெரிய ஷீல்டு அவருக்கு, சின்னது எனக்கு. சங்கத் தலைவர் என் பெயரைத் தப்பாகப் படித்தார். போட்டோக்காரன் ‘சிரிங்க மேடம்’ என்றான். சிரித்தேன். பல் தெரிய.

ரெண்டு நாளாக இந்தக் கும்பலைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தேன். இதில் நான் எந்த விதத்தில் ஒசத்தி?

வீட்டுக்கு வந்து ஷீல்டை மேஜை மேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அம்மா அதை டிவி பக்கத்தில் நிறுத்தி, நடுவில் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்திருக்கிறாள்.

‘மொத மொத வாங்கினது, வெறுமனே வெக்கலாமாடி?’

பின்கட்டுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா இஞ்சி தட்டினாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. சிலிண்டர் இன்னும் புக் பண்ணவில்லை.

பர்மிட் நோட்டை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். ஆள் இறங்கும் முன் மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்து, எண்ணை எழுதி, கையெழுத்துப் போடுகிற நோட்டு. பூஜைக்கு முந்தைய பக்கங்களில் 3, 6, 4 என்று வரும். வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் புளோயர் ஓட்டுவோம். பூஜைக்குப் பிறகு 0, 0, 0, 0. ஒரு பக்கம் விடாமல். எல்லாம் என் கையெழுத்து, முத்து முத்தாக. புளோயரை சர்வீஸ் பண்ணியதன் பலன் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்! 0 வந்தால் முகமூடி வேண்டாம் என்பது எங்கள் வழக்கம். மற்றவர்கள் பிழைத்தது புளோயர் நன்றாக ஓடியதால்.

ஏழுமலை இறங்கிய அன்று பங்க்கில் கரண்ட் போய்விட்டது. புளோயர் பாதி நேரம்தான் ஓடியது. ‘மேடம், இன்னும் கொஞ்சம் ஓட்டிட்டு எறங்கட்டா?’ என்று கேட்டான். ‘அதான் ஜீரோ காட்டுதே, எறங்குடா’ என்றது நான். இதை இன்றுவரை மறந்திருந்தேன். அவனுக்கு நினைவில்லாமல் போனதற்கு வைத்தியர் காரணம் சொன்னார். எனக்கு?

போனில் பூஜை போட்டோ இருந்தது. ஒரு கை மீட்டரைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கையின் மோதிர விரல் அந்த வட்டத்தில். மோதிரம் என்னுடையது.

புது அறிக்கை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். கிழித்து மறுபடி எழுதினேன். முதல் தடவை ‘சந்தனம் படிந்திருந்தது’ என்று எழுதியிருந்தேன், ஏதோ தானாக வந்து படிந்த மாதிரி. இரண்டாம் தடவை ‘நான் பூசினேன்.’

டிசம்பர் 15, திங்கள்

எட்டரைக்கு ஆபீஸ். அறிக்கையை கோ. மேஜையில் வைத்தேன், ஷீல்டையும். ஒரு பிரதி சங்கத்துக்குத் தபாலில் போட்டாயிற்று என்றேன். பொய் இல்லை, வரும் வழியில் போட்டேன்.

படித்தார். பிறகு, ‘ஊரு பூரா பேனர் கட்டிக்கிறேன்மா’ என்றார். அதுதான் அவர் கவலை. ‘நாளையிலருந்து வராத. ஏழுமல உன் மேல கேஸு கீஸு போட்டான்னா என்னைக் கேக்காத.’ சரி என்றேன். இன்று இறங்க இருந்த ஆட்களிடம் மீட்டர் சமாச்சாரத்தைச் சொல்லிவிட்டு, முகமூடி இல்லாமல் ஒருத்தனும் இறங்கக்கூடாது என்று சொல்லி வெளியே வந்தேன். அவர்களில் ஒருத்தன் ‘அப்ப ஏழுமல அண்ணன்?’ என்றான். அங்கேதான் போகிறேன் என்றேன்.

மூலக்குளம் முனையில் பேனர். கோ., ஷீல்டு, ஓரமாக நான், பல் தெரிய. வண்டியை வேகமாக விட்டேன்.

ஏழுமலை வீடு அங்கிருந்து உள்ளே, மாவு மில்லுக்குப் பின்னால். அவன் மனைவி கலா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

‘வாங்க மேடம். உங்களதான் பேனர்ல பாத்தோம்.’

அவன் கட்டிலில். சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். ‘நம்ம கம்பெனிக்கு ஷீல்டாமே மேடம்?’ நம்ம கம்பெனி.

ஜன்னலில் ஒரு மாத்திரை அட்டை. கலா உள்ளே வந்து ஒன்றைப் பிய்த்து அவன் கையில் வைத்தாள், விழுங்கும்வரை நின்றாள், வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்த்தாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் சொன்னாள்: ‘குடிய நிறுத்தற மாத்திரை. ரெண்டு மாசமா தர்றேன். புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டுல்ல மறுபடி குடிச்சாரு.’

சொன்னேன். உட்காராமல், நின்றபடியே. மீட்டர், சந்தனம், கரண்ட் போனது, அவன் கேட்டது, நான் அதட்டியது, அறிக்கையில் எழுதியது. போட்டோவையும் காட்டினேன். இது என் விரல் என்றேன். அவர் குடிக்கவில்லை என்றேன். இரண்டு தரம் சொன்னேன்.

கலா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த மாத்திரை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழுமலைக்குப் புரிய நேரமாயிற்று. ‘அன்னிக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல மேடம். நீங்களே எழுதிட்டீங்கன்னு சொன்னாங்க. நீங்க பொய் எழுத மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதனால குடிச்சிருப்பேன்னு நானும் நம்பிட்டேன்.’

அவன் கலா பக்கம் திரும்பினான். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டான்.

‘அப்ப நாளைலருந்து மாத்திரைய நிறுத்திக்கலாமா?’