கழுத்தை மூடிய மண்

இன்று காலை இரண்டாம் பசுமைக்குடிலில் நான்கு பேர் இருந்தோம்: முதலாளி, மருந்தடிக்கும் ராசு, பயிற்சிக்கு வந்து ஒரு மாதமான சரசு, நான். நீ இருந்திருந்தால் ஐந்து. ஈரத் தென்னை நார்க்கழிவின் வாசம் வந்ததும் திரும்பிப் பார்த்துவிட்டேன், கண்ணு. நீ பாத்தியைக் கிளறும்போது வரும் வாசம் அது.

கிளறிக்கொண்டிருந்தது சரசு. ஒரு பாத்தி ஜெர்பராப் பூச்செடிக்கு முழுக்க மண் அணைத்திருந்தாள். நான் செய்த அதே தப்பு.

நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. குடிலின் பொறுப்பில் இருந்த உனக்கு இருபத்தெட்டு. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை உண்டா இல்லையா என்பார்கள். வீட்டுக்காரர் நோயில் படுத்தபின் அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவை என்று உனக்குத் தெரியும். எங்கள் ஊர் பெருமாட்டியில் வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் வெண்டையும் வளர்த்த கை இது. சித்திரை வெயிலில், இலைகள் கிளம்பும் அந்தக் கழுத்து வெளியே தெரிவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாரையும் கேட்காமல் அறுபது செடிக்கும் மண் அணைத்தேன். முருகா முருகா என்றுதான் அணைத்தேன். ஒரு வாரத்தில் குருத்து அழுகியது.

நீ திட்டவில்லை. பழைய பல் பிரஷ் ஒன்றை எடுத்துவந்து, செடி செடியாகக் கழுத்திலிருந்து மண்ணைத் தள்ளினாய். "ஏனுங்கக்கா, கொழந்தைக்குக் குளுருதுன்னா மூக்கையும் சேத்தியா போத்துவீங்க?" என்றாய்.

பதினொரு செடி போயிற்று. வேலை நோட்டில் பறித்த பூக்களை மட்டும் எழுதி மூடினேன். வீட்டில் உப்பு வாங்கியதைக்கூட விடாமல் எழுதுகிறவள் நான். நீ நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாய்.

"செத்ததையும் எழுதுங்கக்கா. ஏன் செத்துச்சுன்னும் எழுதுங்க."

"வேலை போயிருமே, கண்ணு."

"எழுதுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

முதலாளி படித்துவிட்டு, "இவங்கள வெச்சு என்ன பண்றது?" என்றார்.

"இந்தத் தப்ப இனிச் செய்யாத ஆளு இந்தக் குடில்ல இவங்க ஒருத்தருதானுங்க. வேற யாருக்கும் நான் உத்தரவாதஞ் சொல்ல மாட்டேன், எனக்குஞ் சேத்து" என்றாய். அவர் சிரித்துவிட்டார். நான் தங்கினேன்.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ, உயிரோடு திரும்பவில்லை. உன் பிரஷை நான் இடுப்பில் செருகிக்கொள்கிறேன்.

அதைத்தான் இன்று எடுத்தேன். சரசு என் பக்கத்தில் உட்கார்ந்து, "நோட்டுல எழுதோணுங்களாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். "எழுதோணும் சாமி" என்றேன். எழுதினாள். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லுங்க, இந்தப் பொண்ண வெச்சுக்கலாமா?" என்றார்.

உன் வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சரசுவுக்கும் அந்த வேலை வேண்டும். ஆனால் ஒரு மாதப் பழக்கத்தில் அவளுக்காக நான் எதைச் சொல்வது? விளக்கேற்றி முருகனைக் கேட்டேன். அவன் உன்னிடம் கேட்கச் சொல்கிறான் போலிருக்கிறது.

அன்று என்னைப் பற்றி அப்படிச் சொன்னாயே, தெரிந்து சொன்னாயா, நம்பிச் சொன்னாயா? வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்தான். சீக்கிரம் பதில் சொல்லு, கண்ணு.