யாருடைய கை அளவு

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே என் முதுகைத் தவிர மற்றதெல்லாம் நலம். அளவு பதிய நீ போனில் செய்து கொடுத்த ஆப்பால்தான் தையல் கடையில் மானம் போகிறது. நர்ஸம்மாவுக்குத் தைத்த சட்டையில் வேறு யாருடைய கை அளவோ வந்துவிட்டது. இந்தக் கைக்குள்ள என் எலும்பு மட்டும்தான் போகும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இன்னொரு முறை இப்படி ஆனால் பழையபடி துணியிலேயே அளவுச் சீட்டைக் குத்திக்கொள்வேன், உன் ஆப்பைத் தொட மாட்டேன்.

அண்ணா, இதுவரை அம்மா சொல்ல எழுதினேன். அம்மா அந்தச் சட்டைக் கையைப் பிரிக்கப் போய்விட்டார், இனி என் பேச்சு. அளவு மாறுது என்று எத்தனை தடவை சொன்னேன், நீயோ, சொல்றது புரியலடி, அண்ணி எப்படிச் சொல்றா பாரு, அவகிட்ட கத்துக்கோ என்றாய். அண்ணி நம் கடை வாசலைக்கூட மிதித்ததில்லை, அங்கே சோபாவில் உட்கார்ந்து ஆப்பில் பட்டன் நிறம் மங்கல் என்றால் அன்றைக்கே மாற்றுகிறாய். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்குச் சரியாகச் சொல்ல வராது, அதற்காகப் பார்க்கவும் வராதா? வயிற்றெரிச்சலில் நீ காட்டிய அண்ணியின் மெசேஜை எல்லாம் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன செய்தார், என்ன வரும் என்று நினைத்தார், என்ன வந்தது, அவ்வளவுதான் எழுதுகிறார். இதற்கா அத்தனை மெச்சினாய்.

சரி, அப்படியே சொல்கிறேன். ஒருவருக்குக் கை அளவு பதியும்போது போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் நான் போட்டது அப்படியே இருக்கும் என்று நினைத்தேன், அதற்கு முன் வந்தவரின் கை அளவு இருந்தது. பக்கத்துக் கடை அக்காவைப் போன் போடச் சொல்லி மறுபடி பார்த்தேன், அதேதான். போன் வராவிட்டால் மாறவில்லை.

இன்னொன்று. ஆப்பில் உதவியவர்களுக்கு நன்றி என்ற பக்கத்தைத் திறந்தேன். என் பெயரும் இருக்கும் என்று நினைத்தேன். அண்ணி பெயர் மட்டும் இருந்தது. போனை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன், மாறவில்லை.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே சொல்கிறார். கை அளவை மறக்காதே. எனக்கு அவசரம் இரண்டாவதாகச் சொன்னதுதான், ஆனாலும் முதலில் கையைச் சரி செய்.

இப்படிக்கு,
அம்மாவும், எழுதிய தங்கையும்